முதலில் எர்த்தைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது. சரஸ்வதிபுரத்து வீட்டில் நீ பூட்டிக் கொடுத்த ஸ்டீரியோ செட்டுக்கு 40,000 ரூபாயில் ஒரு பவர் கார்டு வாங்கிப் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். வாங்கிக் கொடுத்தால் உனக்கு ஆறாயிரம் கமிஷன். மனசு ஒப்பவில்லை, ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லக் கைவசம் காரணமும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். மைசூரில் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அதனால் உனக்குத் தனியாக எழுதாமல், எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

வாங்க வேண்டாம் என்று சொல். அதை எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு என்ன செய்வது என்பதுதான் பெரிய விஷயம். அதற்கு முன்னால் கணக்கு.

ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு வருகிற கார்டு பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, நீளம் ஒன்றரை மீட்டர். இந்தக் கனத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு 26 ஓம். பேஸும் நியூட்ரலும் சேர்த்து 3 மீட்டர் என்றால் 0.078 ஓம். நீ பூட்டிய ஆம்ப் நல்ல சத்தத்தில் பாடும்போது 100 வாட் இழுக்கிறது என்று வை. 230 வோல்ட்டில் அது அரை ஆம்பியருக்கும் குறைவு. கார்டில் விழுகிற வோல்ட்டேஜ் 0.034. அதையே விரல் தடிமனில் 2.5 சதுர மில்லிமீட்டர் கார்டாக மாற்றினால் 0.010. ஆக நாற்பதாயிரம் கொடுத்து மிச்சம் பிடித்தது 0.024 வோல்ட். உன் வீட்டிலேயே கீசரைப் போட்டுவிட்டு ஹால் பிளக் பாயின்ட்டில் மீட்டரை வைத்துப் பார். அதைப் போல ஐம்பது, நூறு மடங்கு இறங்கும். பாட்டு அதனால் மாறுவதில்லை.

கடைக்காரருக்கும் ஒரு வாதம் உண்டு, அதை நீ தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆம்ப் கரன்ட்டைச் சீராக இழுப்பதில்லை, விட்டு விட்டுத்தான் உறிஞ்சுகிறது, அந்த நேரத்தில் கார்டு கனமாக இருக்க வேண்டும் என்பார். முதல் பாதி உண்மை. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ரெக்டிஃபயரும் பெரிய கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. ஒவ்வொரு அலையின் உச்சியிலும், அதாவது வினாடிக்கு 100 தடவை, கெப்பாசிட்டர் தன்னை நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் கரன்ட் சராசரியைவிடப் பல மடங்கு. ஆனால் அந்தக் கரன்ட் கார்டை மட்டுமா கடந்து வருகிறது? சுவருக்குள் போகிற ஒயரிங், டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று, உள்ளே இருக்கிற சின்ன கண்ணாடி ஃபியூஸ் எல்லாவற்றையும் கடந்துதான் வருகிறது. பழைய மாதிரி நேரடி ஸ்விட்ச் உள்ள ஆம்ப் ஒன்றை பிளக்கிலிருந்து கழற்று, அதன் ஸ்விட்சை ஆனில் வை, பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓம் பார். சில ஓம் காட்டும். கார்டை மாற்றி நீ குறைப்பது 0.05 ஓம். ஸ்பீக்கருக்குப் போகிற சங்கீதம் கெப்பாசிட்டரில் தேங்கிய டி.சி.யிலிருந்து உருவாவது. அந்தக் கெப்பாசிட்டருக்கு முன்னால் எது தங்கம், எது வெள்ளி என்று அதற்குத் தெரியாது.

கரன்ட்டைச் 'சுத்தம்' செய்கிற கார்டு என்றும் சொல்வார்கள். சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 92 மைல் கம்பி இழுத்து 1902-லேயே கரன்ட் அனுப்பிய சமஸ்தானம் நம் மைசூர். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம். 1908-ல் மைசூர் நகரத்துக்கும் விளக்கு வந்தது. அன்றைக்கே அத்தனை தூரம் கடந்து வந்த கரன்ட், இன்று உன் வீட்டுக்கு எத்தனையோ சப்ஸ்டேஷன், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், கம்பத்து இணைப்பு, மீட்டர் போர்டு எல்லாம் தாண்டி வருகிறது. வழியில் சேர்ந்த அழுக்கை எடுக்க வேண்டுமானால் அதற்கு ஃபில்டர் இருக்கிறது, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வெறும் கம்பி அந்த வேலையைச் செய்யாது.

இவ்வளவும் ஓம் விதி தெரிந்த எவரும் சொல்லிவிடக் கூடியது. இனிமேல் சொல்வதுதான் அனுபவத்தில் வருவது. கார்டு பற்றிக் கேட்கிற வாடிக்கையாளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வேறொரு குறை இருக்கிறது. அதற்குப் பெயர் தெரியாமல் கார்டைக் கேட்கிறார்கள்.

குவெம்புநகரில் ஒரு பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய எல்.பி. ரிக்கார்டுகள் நிறைய வைத்திருந்தார். டர்ன்டேபிள் நல்லது, ஆம்ப் நல்லது. யாரோ சொல்லி இரண்டு பவர் கார்டு வாங்கி மாட்டியாயிற்று. அப்படியும் தீரவில்லை. "கூடவே யாரோ தப்பாகச் சுருதி போடுகிற மாதிரி இருக்கிறது" என்றார். அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று பார். அவருக்குச் சுருதி ஐந்து கட்டை. ஐந்து கட்டையின் கீழ் ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். நம் ஊர்க் கரன்ட் 50, அதன் இரட்டிப்பு 100. சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் 50 சரியாகக் கேட்காது, 100 கேட்கும். 98-க்கும் 100-க்கும் இடைவெளி அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஷட்ஜமும் இல்லாமல் அடுத்த சுரமும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. ஐந்து கட்டைக்காரருக்கு அது தம்புராவோடு சண்டை போடுகிறது.

ஆம்ப்பின் பின்னால் டி.வி. செட்-டாப் பாக்ஸிலிருந்து ஒரு ஆடியோ ஒயர் வந்துகொண்டிருந்தது. பாக்ஸின் பின்னால் கேபிள்காரரின் கோ-ஆக்ஸ். அதை மட்டும் திருகிக் கழற்றினேன். ஹம் நின்றது. கேபிளின் எர்த் தெருக் கம்பத்தில் ஒரு இடத்தில், வீட்டின் எர்த் தோட்டத்தில் இன்னொரு இடத்தில். இரண்டுக்கும் இடையே சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் எப்போதும் இருக்கும். அது ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியே பாய்ந்து சத்தமாகிறது. எர்த் லூப் என்று நாம் சொல்வது இதைத்தான். கோ-ஆக்ஸ் வழியில் ஒரு சின்ன ஐசொலேட்டர் போட்டுக் கொடுத்தேன், சில நூறு ரூபாய் சமாச்சாரம். டர்ன்டேபிளில் மீதி இருந்த மெல்லிய ரீங்காரம் டோன்ஆர்மின் எர்த் ஒயர் ஸ்குரூவில் தளர்ந்திருந்ததால் வந்தது. மூவிங் காயில் கார்ட்ரிட்ஜிலிருந்து வருகிற சிக்னல் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அத்தனை மெல்லிய இடத்தில் ஒரு தளர்ந்த ஸ்குரூவே போதும். பவர் கார்டும் ஃபோனோ ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்ததை ஒரு அடி தள்ளி வைத்தேன், தவிர்க்க முடியாத இடத்தில் குறுக்காகக் கடக்க விட்டேன். ஷீல்டு போட்ட விலை உயர்ந்த கார்டு செய்கிற நல்ல காரியம் இது ஒன்றுதான். அதையும் தள்ளி வைத்தே சாதிக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை, தம்பி. ஹம் வருகிறது என்றதும் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிற வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. ஹம் போய்விடும், வாடிக்கையாளரும் சந்தோஷப்படுவார். ஆனால் என்றைக்காவது உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போனால் ஆம்ப்பின் உடம்பு முழுக்க 230 வோல்ட். அந்தப் பெட்டியைத் தொடுகிற பிள்ளைக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். எர்த் பின்னை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதே. சிக்னல் பக்கத்தில் லூப்பை அறு, பவர் பக்கத்தில் தொடாதே.

லட்சுமிபுரம், சாமராஜபுரம் மாதிரிப் பழைய பகுதிகளில் நிலைமை வேறு. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இல்லையென்றால் ஒயர் இருக்கும், எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பல வருஷம் ஆகியிருக்கும். மீட்டரை வைத்து மூன்று அளவு எடு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 பக்கம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். நடு எண் 90, 120 என்று ஆடினால் அங்கே எர்த் இல்லை. அந்த வீட்டில் ஆம்ப்பைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று இருக்கும். பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியே பாதி வோல்ட்டேஜ் ஆம்ப்பின் உடம்பில் வந்து நிற்பதால் அப்படி. "லேசா ஷாக் அடிக்குது, பரவாயில்லை" என்று வீட்டுக்காரர் சொல்வார். பரவாயில்லை என்று நீ சொல்லாதே. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் புதுப்பிக்கச் சொல், மீட்டர் போர்டில் 30 மில்லிஆம்பியர் கசிவு கண்டதும் அணைகிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார். சங்கீதத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது, 40,000-த்தில் இதையெல்லாம் செய்து மீதியும் இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேன் ரெகுலேட்டரைத் திருகும்போது சத்தத்தின் தன்மை மாறுகிறதா பார். மலிவான எல்.இ.டி. விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துப் பார். வீட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் கரன்ட் போனவுடன் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். அதற்குச் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் மருந்து. ஏப்ரல், மே மாதத்தில் மாங்காய் மழையோடு இடி இடிக்கும்போது பிளக்கையும் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கி வைக்கச் சொல்.

கார்டை மாற்றவே கூடாதா என்றால், மாற்ற வேண்டிய இடங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு ஆம்ப்பை வேறு தேசத்துப் பிளக்கோடு வாங்கி, எர்த் இல்லாத அடாப்டரில் செருகி வைத்திருப்பார்கள். முதல் வேலையாக அதை மாற்று. பிளக்கில் ஐ.எஸ். 1293, ஒயரில் ஐ.எஸ். 694 என்று ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கிறதா பார். கார்டு கையில் சூடாக இருந்தால், ஆம்ப்பின் பின்பக்கத்தில் லொட லொடவென்று ஆடினால், உறை வெடித்திருந்தால் மாற்று. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் நல்ல கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரிய பவர் ஆம்ப், பெரிய சப்வூஃபர், நீளமான ஓட்டம் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் போடு. அளவுக்கு மீறிக் கனமான கார்டு தன் பாரத்தாலேயே பின்பக்கத்துச் சாக்கெட்டைத் தளர்த்திவிடும். அதனால் பழுதான ஆம்ப்களைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

இனி உன் வாடிக்கையாளரின் காது. நண்பர் வீட்டில் அந்தக் கார்டைப் போட்டுக் கேட்டேன், வித்தியாசம் தெரிந்தது என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். அவர் பொய் சொல்லவில்லை. கார்டை மாற்றும்போது ஆம்ப்பை அணைத்துப் போடுகிறோம், துரு ஏறிய முனைகள் உரசிச் சுத்தமாகின்றன, வால்யூம் பழைய இடத்துக்கு அப்படியே திரும்புவதில்லை, உட்காருகிற இடம் ஒரு சாண் நகர்கிறது. ஒரு டெசிபல் சத்தம் கூடினாலே காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் மேல், கொடுத்த விலை மனசில் இருக்கிறது. 2004-ல் கலிஃபோர்னியாவில் ஆடியோ ரசிகர்கள் 15 பேரைக் கூட்டி, ஆயிரக்கணக்கான டாலர் கார்டையும் பெட்டியோடு வந்த கார்டையும் எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க வைத்தார்கள். மொத்தம் 149 பதில்களில் சரியானவை 73. காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

இந்தச் சோதனையை உன் வாடிக்கையாளர் வீட்டிலேயே வைக்கலாம். அந்த நண்பரின் கார்டை ஒரு நாள் இரவல் வாங்கு. ஆம்ப்பின் பின்பக்கத்தைத் துணியால் மறை. வால்யூமைத் தொடாதே. வீட்டில் இன்னொருவர் காசைச் சுண்டி, பூ விழுந்தால் புதுக் கார்டு, தலை விழுந்தால் பழையது என்று மாட்டட்டும். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும், அதே கார்டு மறுபடி வந்தாலும் சரி. அவர் 16 தடவை சொல்லட்டும். 12 சரியென்றால் அது குருட்டாம்போக்கில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. அப்போது எனக்கு ஃபோன் செய், நானும் வந்து கேட்கிறேன். ஒரு விஷயம்: சோதனை முடிந்ததும் ஜெயித்த முகம் காட்டாதே. அவர் சங்கீதத்தை நேசிக்கிறவர், அதனால்தான் இத்தனை செலவுக்குத் தயாராகிறார். அந்த ஆசைக்கு மரியாதை கொடு.

நீ தொழில் செய்கிற ஊர் சாதாரண ஊர் இல்லை. 1935-ல் மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி தன் வீட்டிலேயே சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து ஆகாசவாணி நடத்திய ஊர். மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலின் கட்டிக்கொண்டது எதற்காக என்று உனக்குத் தெரியும். மைக் வசதி சரியில்லாத பெரிய கொட்டகைகளில் பின் வரிசைக்காரருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. குறை எங்கே என்று பார்த்து, சத்தம் பிறக்கிற இடத்திலேயே கையை வைத்தார்.

மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையாரை எடுத்துக்கொள். அவரிடம் ஏறக்குறைய 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள். 1949-ல் அவர் அழைப்பின் பேரில் மைசூருக்கு வந்த ஈ.எம்.ஐ. தயாரிப்பாளர் வால்டர் லெக், அரண்மனையில் இருந்த ஸ்பீக்கர்களையும் பியானோக்களையும் பார்த்து அசந்துபோனார். மகாராஜா எந்தக் கருவியையும் வாங்கக்கூடிய மனிதர். அவருடைய பணம் எங்கே போனது? ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னர் லண்டனில் வறுமையில் இருந்தபோது அவர் இசையை அவரையே வாசிக்க வைத்துப் பதிவு செய்ய. புதிதாகத் தொடங்கிய பிலார்மோனியா வாத்தியக் குழுவைத் தூக்கி நிறுத்த மூன்று வருஷம், வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் 1950 மே 22 அன்று லண்டன் ஆல்பர்ட் ஹாலில் முதல்முதலாகப் பாடப்பட்டபோது அதற்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவரும் அவர்தான். கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாடினார், ஃபூர்ட்வேங்லர் நடத்தினார். மகாராஜா போகவில்லை, பதிவு மைசூருக்கு வந்தது. அந்தப் பதிவைக் கேட்டுப் பார். அசிட்டேட் தட்டு தேய்ந்து கரகரவென்றுதான் இருக்கிறது. ஆனாலும் ஃபிளாக்ஸ்டாட்டின் குரல் எழும்போது கரகரப்பைக் காது விட்டுவிடுகிறது. செலவு செய்ய மனசுள்ள வாடிக்கையாளரிடம் இந்தக் கதையைச் சொல். ரிக்கார்டு வாங்கட்டும், நல்ல கார்ட்ரிட்ஜ் வாங்கட்டும், வி.வி. மொஹல்லா எட்டாவது கிராஸ் பிள்ளையார் விழாவுக்கு நன்கொடை கொடுக்கட்டும்.

செட்டிலேயே செலவழிக்க வேண்டும் என்றால் அறையைக் காட்டு. இப்போதைய வீடுகளில் வழுவழு டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். கைதட்டினால் பதில் கைதட்டல் வரும். கெட்டியான ஜமுக்காளமும் கனத்த திரைச்சீலையும் புத்தக அலமாரியும் செய்கிற வித்தியாசத்தைத் துணி மூடாமலே எவரும் சொல்லிவிடலாம். நீளம் பதினோரேகால் அடி உள்ள அறை 50 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரும். நம் ஊர்ப் படுக்கையறைகள் பாதி அந்த அளவுதான். அப்படிப்பட்ட அறையில் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இல்லாத ஹம்மும் பெரிதாகக் கேட்கும். நாற்காலியை இரண்டு அடி முன்னால் இழுத்துப் போடு, ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே கொண்டு வா. காசே இல்லை.

கமிஷனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறாயிரம் உன் வயதில் பெரிய தொகை, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. நீ செய்கிற வேலைக்குக் கூலி வாங்கு. மீட்டர் வைத்து அளந்தது, ஒயர்களைப் பிரித்துக் கட்டியது, ஸ்பீக்கர் இடம் பார்த்தது, மூன்று மணி நேரம் கேட்டது என்று பில்லில் வரிவரியாக எழுதிக் கொடு. இங்கே பலர் இந்த வேலைகளை இலவசமாகச் செய்துவிட்டு, கார்டு விற்று ஈடுகட்டுகிறார்கள். வாடிக்கையாளருக்கும் அதனால்தான் எது வேலை, எது சரக்கு என்று தெரியாமல் போகிறது. எர்த் அளவுகளை ஒரு தாளில் தேதியோடு எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடு. அடுத்த வருஷம் நீயே போய் மறுபடி அளக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரன்ட் லோடு குறைவான நேரத்தில் ஒரு தடவையும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு தடவையும் சரஸ்வதிபுரத்துக்குப் போ. என்னிடம் இருக்கும் எர்த் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போகலாம், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள். அந்த வீட்டுச் செட்-டாப் பாக்ஸின் கோ-ஆக்ஸை முதலில் கழற்றிப் பார்.

அன்புடன்,
அண்ணன்